இடாப்பில் ஒரு பெயரும் குறையக்கூடாது

ஆண்டின் முதலாந் தவணை தொடங்கும் வாரத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பின் எந்த உயர்தரப் பாடசாலைக்குச் சென்றாலும் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் காண்போம். மாரி மழையில் வளர்ந்த புல் வெட்டப்படுகிறது. அதிபரின் அறையில் நேரசூசி தயாராகிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குத் திகதி பார்க்கிறார்கள். பல்கலைக்கழகம் புகுந்த மாணவரின் படங்களோடு வாயிலில் ஒரு பதாகை தொங்குகிறது. இவற்றுக்கிடையே வகுப்பாசிரியர் ஒருவர் மேசையில் குனிந்திருந்து புதிய வரவு இடாப்பில் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இவற்றுள் முதன்மையான வேலை எது? அந்த இடாப்பை எழுதுவதுதான் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தரம் 6 இல் எழுதப்படும் பெயர்களுள் எத்தனை, ஐந்தாண்டு கழித்துத் தரம் 11 இடாப்பிலும் இருக்கின்றன? ஒரு பாடசாலையின் முன்னுரிமையையும் அது மாணவருக்குச் செய்யும் உதவியையும் அதன் சாதனையையும் இந்தக் கேள்வியை வைத்து அளந்து பார்ப்போம்.

பெயர்கள் தொலைந்த காலம்

வன்னியில் பாடசாலை என்பது குளத்தையும் குடியேற்றத்தையும் தொடர்ந்து வந்தது. 1930களில் இரணைமடுக் குளத்தின் கீழும், பின்னர் வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளங்களின் கீழும் காணி பெற்று வந்த விவசாயிகள் காடு வெட்டிய கையோடு பிள்ளைகளுக்கு ஒரு கொட்டிலும் போட்டார்கள். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தப் பாடசாலைகளிலேயே பெயர் பதிந்தார்கள்.

பிறகு வந்தது இடப்பெயர்வுக் காலம். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோது பெருந்தொகையானோர் கடலேரி கடந்து வன்னிக்கு வந்தனர். அடுத்த ஆண்டு கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று போன போன இடமெல்லாம் மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதான அந்நாட்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கிறது.

2006 இற்குப் பின்னர் நிலைமை இன்னும் கொடிதாயிற்று. கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பல வீடுகளில் பிள்ளைகளை மறைத்து வைத்தார்கள். வயது வருமுன்னரே திருமணமும் செய்து வைத்தார்கள். எறிகணைக்கு நடுவே பாடசாலை கிழக்கு நோக்கி நகர்ந்து, ஈற்றில் நின்றே போயிற்று. 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. அவ்வாண்டே முகாமுக்குள் புலமைப்பரிசில் பரீட்சையும், உயர்தர, சாதாரண தரப் பரீட்சைகளும் நடந்தன. சில மாதங்களுக்கு முன் பதுங்கு குழியில் இருந்த பிள்ளை விடைத்தாளில் சுட்டெண் எழுதியதை விடப் பெரிய சாதனையை வன்னிக் கல்வி வரலாற்றில் காட்டுவது கடினம்.

அக்காலத்தில் இடாப்பிலிருந்து ஒரு பெயர் போனால் காரணம் ஊருக்கே தெரிந்திருந்தது. இன்று பெயர் போவது சத்தமில்லாமல் நடக்கிறது. அதனால்தான் கூடுதல் விழிப்பு வேண்டியிருக்கிறது.

இன்று ஏன் பெயர் குறைகிறது?

இலங்கையில் 5 வயது முதல் 14 வயது வரை கட்டாயமாயிருந்த பாடசாலை வரவு 2016 இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. ஆயினும் தரம் 9 இற்கும் 11 இற்கும் இடையில் பிள்ளை நழுவிப் போவது நிற்கவில்லை.

முதற் காரணம் வறுமை. குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணிப்பின்படி நாட்டில் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தோர் நூற்றுக்கு 14.3 பேர். முல்லைத்தீவு மாவட்டத்தில் அது 44.5 பேர். 25 மாவட்டங்களுள் இதுவே கூடியது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு இது என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது காரணம் பருவம். காலபோக அறுவடையும் முதலாந் தவணையும் ஒரே காலத்தில் வருகின்றன. கொரோனாவின் பின் பாடசாலை ஆண்டின் தொடக்கம் பின்தள்ளிப் போனது. 2025 இல் அது ஜனவரி 27 ஆம் திகதிதான் தொடங்கியது. அறுவடைக் காலத்தில் ஒரு வாரம் வயலுக்குப் போன பையன் திரும்பி வரும்போது கணிதத்தில் ஓர் அலகு முடிந்திருக்கும். அது விளங்காததால் அடுத்ததும் விளங்காது. பிறகு வயலே இலகுவாகத் தோன்றும்.

மூன்றாவது தூரம். ஆரம்பப் பாடசாலை ஊருக்குள் இருக்கிறது. தரம் 6 இற்குப் பின் நல்ல பாடசாலை பல கிலோமீற்றர் தொலைவில், காட்டுப் பாதைக்கு அப்பால் இருக்கிறது. யானை நடமாடும் வழியில், விடிந்தும் விடியாத வேளையில், வளர்ந்த பெண்பிள்ளையைத் தனியே விடத் தாய்க்கு மனம் வராது. தந்தையைப் போரில் இழந்த வீடுகளில் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம்.

நான்காவது, ஒருவரும் கவனியாத ஓர் இடைவெளி. 2024 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. முடிவு யூலையில் வந்தது. இந்த மாதங்களில் பையன் மேசன் வேலைக்கோ கடலுக்கோ போகிறான். பெண்பிள்ளை ஆடைத் தொழிற்சாலையில் சேர்கிறாள். கையில் காசு புழங்கத் தொடங்கியபின், இரண்டு பாடம் சித்தியில்லை என்று முடிவு வந்தால் யார் மீண்டும் புத்தகம் எடுப்பார்?

ஆண்டுத் தொடக்கத்தில் செய்ய வேண்டியவை

இவற்றை மாற்ற ஒரு பாடசாலையால் முடியுமா? முழுவதும் முடியாது. ஆனால் ஆண்டின் முதல் நான்கு வாரங்களில் சிலவற்றைச் செய்யலாம்.

முதலாவது, பழைய இடாப்பையும் புதிய இடாப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல். சென்ற ஆண்டு தரம் 9 இல் இருந்து இவ்வாண்டு தரம் 10 இல் இல்லாத பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். விடுகைப் பத்திரம் வாங்கி வேறு பாடசாலைக்குப் போனோரை நீக்குங்கள். மிஞ்சும் பெயர்களின் வீடுகளுக்கு முதல் இரு வாரங்களுக்குள் யாராவது போக வேண்டும். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் கிராம அலுவலரும் துணைக்கு வருவார்கள். ஆனாலும் வகுப்பாசிரியரே படலையடியில் நிற்கும்போது தாய் தகப்பனின் மனம் இளகும்.

இரண்டாவது, தரம் 6 இற்கும் தரம் 10 இற்கும் முதல் வாரத்திலேயே ஒரு சிறு சோதனை. புள்ளி போட அல்ல. வாசிக்கத் தெரியுமா, வகுத்தலும் பின்னமும் தெரியுமா என்று அறிய. உயர்தரம் புகப் பொதுவாக ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். தாய்மொழியும் கணிதமும் அந்த ஆறினுள் அடங்கும். கணிதத்தில் தவறும் பிள்ளைகளுள் பலர் தவறியது தரம் 11 இல் அல்ல, தரம் 4 இல். அதைத் தரம் 11 இன் கடைசித் தவணையில் மாலை வகுப்பு வைத்துச் சரிசெய்ய இயலாது.

மூன்றாவது, ஆசிரியர். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிப்போருட் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் பஸ்சிலும் புகையிரதத்திலும் வந்து போகிறவர்கள். கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் மாற்றம் பெறுவார்கள். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. ஊர் மக்கள் ஒரு விடுதி அறையும் மதியச் சாப்பாடும் ஒழுங்கு செய்தால் கிழமையில் நான்கு நாளாவது தங்கிக் கற்பிக்க முன்வருவோர் உண்டு. நிலையான தீர்வு வன்னி மண்ணின் பிள்ளைகளே ஆசிரியராகித் திரும்புவதுதான்.

நான்காவது, தரம் 11 மாணவருக்கும் பெற்றோருக்கும் முதற் கூட்டத்திலேயே வழிகளைச் சொல்லி வைத்தல். உயர்தரத்தில் 2013 இல் சேர்க்கப்பட்ட தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. சாதாரண தரத்தில் சித்தியில்லாதவரும் தொடரக்கூடிய தொழிற்பாடப் பிரிவு 2017 இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியின் கீழ் தெரிந்தெடுத்த பாடசாலைகளில் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்குகிறது. பரீட்சை முடிந்த மறுநாள் எங்கே போவது என்று தெரிந்த பிள்ளை வழி தவறாது.

உதவி எங்கே போய்ச் சேர வேண்டும்?

அரசாங்கம் தருவதை முதலில் கணக்கெடுப்போம். பாடநூல் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசம். மாணவருக்குக் குறைந்த கட்டணத்தில் பஸ் பருவகாலச் சீட்டு உண்டு. ஆனால் மதிய உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. வளரும் வயதில் கூடுதலாகச் சாப்பிட வேண்டிய தரம் 8, 9 பிள்ளை வெறும் தேநீரோடு வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிறது.

இந்த இடத்தில்தான் பழைய மாணவர் சங்கங்களின் உதவி வேண்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கும் வன்னிப் பாடசாலைகளின் பழைய மாணவர் ஊரை மறக்கவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில் எழுந்த கட்டடங்களுக்கு நன்றி. எனினும் ஒன்றைத் தாழ்மையுடன் சொல்ல வேண்டும். வாயில் வளைவு பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டி வராது. ஒரு சயிக்கிள் கூட்டி வரும்.

இதற்கு அயலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவின் பீகார் மாநிலம் 2006 இல் தரம் 9 இல் சேரும் பெண்பிள்ளைகளுக்குச் சயிக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்தவர்கள், அவ்வயதுப் பெண்பிள்ளைகள் உயர் வகுப்பில் சேர்வது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கால் கூடியதாகக் கண்டார்கள். பாடசாலையிலிருந்து தூரத்தில் இருந்த ஊர்களிலேயே பயன் அதிகம். போரின் பின் இந்திய அரசு வடக்கிற்கு 10,000 சயிக்கிள்களை வழங்கியது நம்மவருக்கு நினைவிருக்கும். அன்று அவை மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு வந்தன. இன்று தேவைப்படுவது தரம் 9 இடாப்பைப் பார்த்து, தூரத்தில் உள்ள பெயர்களுக்குக் கொடுப்பது.

எதைச் சாதனை என்போம்?

நமது பெரிய பாடசாலைகளின் பெருமையைக் குறைப்பது நோக்கமல்ல. வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம், இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம், கிளிநொச்சி மத்திய கல்லூரி, முள்ளியவளை வித்தியானந்தக் கல்லூரி போன்றவை மருத்துவ, பொறியியல் பீடங்களுக்கு மாணவரை அனுப்பியிருக்கின்றன. மாவட்டக் கோட்டாவும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான நூற்றுக்கு ஐந்து வீத ஒதுக்கீடும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் அறிவியல்நகரிலேயே இருக்கின்றன. பல்கலைக்கழகம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் வாசல்வரை பிள்ளை போய்ச் சேர வேண்டுமே!

ஒரு கணக்கைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்காக, ஒரு பாடசாலையில் தரம் 6 இல் 80 பேர் சேர்ந்தார்கள் என்று வைப்போம். சாதாரண தரம் எழுதியோர் 62 பேர். சித்தியடைந்தோர் 40 பேர். பரிசளிப்பு விழா அறிக்கை, சித்தி வீதம் 64.5 என்று சொல்லும். சேர்ந்த 80 பேரை வைத்துப் பார்த்தால் அது சரியாக 50. இடையில் போன 18 பேர் எந்த அறிக்கையிலும் இல்லை. கணக்கில் இல்லாதவரைத் தேட யாரும் போவதில்லை. இன்னும் மோசமாக, பெலவீனமான பிள்ளை பரீட்சைக்கு முன் விலகினால் வீதம் உயரும். பிள்ளையை இழப்பதால் உயரும் ஒரு வீதத்தைச் சாதனை என்று நாம் கைதட்டலாமா?

ஆகவே அதிபர்களிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டுப் பரிசளிப்பு அறிக்கையில் ஒரு வரியைச் சேருங்கள்: "தரம் 6 இல் எம்மிடம் சேர்ந்தோர் இத்தனை பேர், அவர்களுள் தரம் 11 முடித்தோர் இத்தனை பேர்." அந்த ஒரு வரி வருமானால், சயிக்கிளும் காலைச் சாப்பாடும் வீட்டுத் தரிசிப்பும் தாமாகவே முன்னுரிமை பெறும். வாயிற் பதாகையில் ஒன்பது ஏ பெற்ற பிள்ளையின் படம் இருக்கட்டும். வயலுக்குப் போய்த் திரும்பி வந்து ஆறு பாடத்தில் சித்தியடைந்த பிள்ளைக்கும் மேடையில் ஒரு பரிசு இருக்கட்டும்.

இடப்பெயர்வுக் காலத்தில் வன்னிக் குடும்பங்கள் உடுத்த உடுப்போடு ஓடியபோதும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். எல்லாம் போனாலும் பிள்ளையின் படிப்புப் போகக்கூடாது என்று எண்ணிய சனம் இது. அந்த எண்ணத்துக்கு மதிப்பளிக்க ஓர் ஆசிரியருக்குத் தேவைப்படுவது ஒரு பழைய இடாப்பு, ஒரு புதிய இடாப்பு, படலையடிக்குப் போக ஒரு மாலைப்பொழுது. இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.