வண்டல் வைத்திருக்கும் மழைக் கணக்கு

கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியதும் வண்டல் வெட்டும் வேலை தொடங்கிவிடும். மாட்டு வண்டிகளில் அந்த மண்ணை ஏற்றி வயல்களுக்குக் கொண்டுபோவார்கள். வெட்டிய குழியின் பக்கச் சுவரில் கறுப்பும் சாம்பலும் பழுப்புமாகக் கோடுகள் தெரியும். சிறுவனாக நான் அவற்றைப் பார்த்து நின்றபோது, “கறுப்பாத் தெரியுதே, அது நல்ல மழை பேஞ்ச வருஷம்” என்றார் தாத்தா. அந்த நிறக் கணக்கு அவ்வளவு எளிதானது அன்று. ஆனால், மழையின் வரலாறு சேற்றில் அடுக்கடுக்காகப் படிகிறது என்ற அவருடைய எண்ணம் சரியானது என்பதைப் பின்னாளில் வேதியியல் ஆசிரியனானபோது உணர்ந்தேன்.

வறட்சி என்றாலே தாத்தா தாது வருஷப் பஞ்சத்தைத்தான் சொல்வார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தை அவர் கண்டவர் அல்லர். அவருடைய தந்தை சொல்லக் கேட்டவர். வறட்சி குறித்த நம் சமூகத்தின் வாய்மொழி நினைவு ஏறத்தாழ அங்கே முடிந்துவிடுகிறது. கருவிகளின் நினைவும் அதைத் தாண்டி நெடுந்தூரம் செல்வதில்லை. சென்னையின் மழைப் பதிவு 1813இல் தொடங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தோன்றியது. அணைகளின் கொள்ளளவையும் பாசனப் பங்கீட்டையும் நகரங்களின் குடிநீர்த் திட்டங்களையும் இந்த ஒன்றிரண்டு நூற்றாண்டுக் கணக்கை வைத்தே வகுக்கிறோம். அதற்கு முந்தைய பல்லாயிரம் ஆண்டுகளில் பருவமழை எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்லக்கூடிய சாட்சிகளுள் முதன்மையானது ஏரிகளின் அடியில் உறங்கும் சேறு.

மனிதர் கை படாத இயற்கை ஏரியின் அடியில் வண்டல் ஆண்டுதோறும் கலையாமல் படிந்துகொண்டே வருகிறது. ஓடைகள் கொண்டுவந்த களிமண், காற்றில் வந்த மகரந்தம், நீரில் வாழ்ந்து மடிந்த நத்தைகளின் ஓடுகள், நீரிலிருந்தே பிரிந்து படிந்த உப்புகள் எல்லாம் அதில் அடங்கும். மேலே இருப்பது புதியது. கீழே போகப்போகப் பழையது. ஆய்வாளர்கள் நீண்ட குழாயைச் செங்குத்தாக இறக்கி, அடுக்குகள் குலையாமல் அந்த வண்டலை உருவி எடுக்கிறார்கள். அதில் சிக்கியிருக்கும் விதை, இலை, மரத்துணுக்கு ஆகியவற்றில் எஞ்சியுள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு அடுக்குகளின் வயதைக் கணிக்கிறார்கள். ஓர் உயிர் மடிந்தபின், அதிலுள்ள கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இந்த முறையை உருவாக்கிய வில்லார்டு லிபிக்கு 1960இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வயது தெரிந்துவிட்டது, மழை எப்படித் தெரியும்? அதைச் சொல்வது ஆக்சிஜன். இயற்கையில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை எண் 16. ஏறத்தாழ 500 அணுக்களில் ஒன்று மட்டும் 18 என்னும் நிறை எண் கொண்ட கனமான அணு. ஏரி நீர் வெயிலில் ஆவியாகும்போது லேசான ஆக்சிஜன் கொண்ட நீர் எளிதில் வெளியேறுகிறது, கனமானது பின்தங்குகிறது. அடுப்பில் குழம்பு சுண்டச் சுண்ட உப்பு கரிப்பதை நாம் அறிவோம். மழை பொய்த்த காலத்தில் ஏரியும் அப்படித்தான் சுண்டுகிறது. அதன் நீரில் கனமான ஆக்சிஜனின் பங்கு கூடுகிறது. அந்த நீரில் வாழும் நத்தை, தன் ஓட்டைக் கட்ட அதே ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. நத்தை மடிந்து வண்டலில் புதைந்தபின், பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தும் அந்த விகிதத்தை ஓட்டிலிருந்து அளந்துவிடலாம்.

ஹரியாணாவில் கோட்லா தஹர் என்னும் பழைய ஏரிப் படுகை இருக்கிறது. சிந்து நாகரிகக் குடியிருப்புகளுக்கு அருகில் அமைந்த இடம் அது. அங்கே எடுத்த வண்டலில் இருந்த நத்தை ஓடுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யமா தீட்சித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி ஆகியோர் ஆராய்ந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். கடந்த 6,500 ஆண்டுகளின் பருவமழை வரலாறு அதில் கிடைத்தது. ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன், ஓடுகளில் கனமான ஆக்சிஜனின் விகிதம் ஆயிரத்துக்கு 4 என்ற அளவில் உயர்ந்திருந்தது. கேட்கச் சிறிய எண்தான். இந்த அளவீட்டில் அது பெரிய தாவல். கோடைப் பருவமழை திடீரென வலுவிழந்து, ஏறத்தாழ 200 ஆண்டுகள் அந்நிலை நீடித்தது என்பது அவர்களின் கணிப்பு. சிந்துவெளியின் பெருநகரங்கள் கலையத் தொடங்கிய காலமும் அதுவே.

டேவிட் ஹோடெல் இதற்கு முன்பே இன்னொரு கண்டத்தில் இதுபோன்ற சாட்சியைக் கண்டவர். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் சிச்சன்கனாப் என்ற ஏரியின் வண்டலை அவரும் சகாக்களும் ஆராய்ந்து, 1995இல் எழுதினர். மாயா நாகரிகத்தின் நகரங்கள் பல கைவிடப்பட்ட கி.பி. 800 முதல் 1000 வரையிலான காலம், அங்கே பல ஆயிரம் ஆண்டுகளில் மிக வறண்ட காலமாக இருந்தது. நீர் வற்றும்போது அந்த ஏரியில் ஜிப்சம் படிகிறது. ஜிப்சம் படிகம் உருவாகும்போது ஏரி நீரையே தன் கட்டமைப்புக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகப் படிகத்துக்குள் அடைபட்டிருந்த அந்த நீரைப் பிரித்தெடுத்து அளந்த குழு, 2018இல் கணக்கைச் சொன்னது: ஆண்டு மழை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது, வறட்சியின் உச்சத்தில் குறைவு 70 விழுக்காடு வரை சென்றது. ‘மழை குறைந்தது’ என்ற பொதுச் சொல்லுக்கு வேதியியல் ஓர் எண்ணைத் தந்தது.

இவ்விடத்தில் நிதானம் தேவை. வறட்சியும் வீழ்ச்சியும் ஒரே காலத்தவை என்பதால், ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. கார்பன்-14 தரும் வயதில் பல பத்தாண்டுகள் முன்பின் இருக்கலாம். தொல்லியல் காலக் கணிப்பிலும் அதே தளர்வு உண்டு. மாயாக்களின் தெற்கு நகரங்கள் சரிந்தபோது, வடக்கே சிச்சென் இட்ஸா செழித்தது. சிந்து மக்களும் அழிந்துபோகவில்லை. பெருநகரங்களை விட்டுச் சிற்றூர்களில் பரவினர். வறட்சி அச்சமூகங்களை நெருக்கியிருக்கும். நெருக்கடியை எப்படி எதிர்கொண்டார்கள் என்பது ஆட்சியையும் உணவையும் உறவுகளையும் பொறுத்தது. ஆனால், ஏரி சொல்லும் ஒரு செய்தியை மறுப்பதற்கில்லை: பருவமழை, தலைமுறைகளைத் தாண்டியும் பொய்த்திருக்கிறது. மனிதர் புகைபோக்கி எதையும் கட்டாத காலத்திலேயே இது நிகழ்ந்தது. இன்று நாம் காற்றில் சேர்த்துவரும் வெப்பம் அதன்மேல் கூடுதல் சுமை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய சாட்சி உண்டு. நீலகிரியின் உயரமான பள்ளத்தாக்குகளில், செடிகள் முழுவதும் மக்காமல் கறுத்துப் படிந்த சதுப்பு மண் இருக்கிறது. இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆர்.சுகுமார், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர்.ரமேஷ் உள்ளிட்டோர் அந்த மண்ணில் உள்ள கார்பனை அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றங்களை 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மரங்களும் ஈரச் சூழலை விரும்பும் செடிகளும் ஒரு வகை ஒளிச்சேர்க்கையைச் செய்கின்றன. வறட்சி தாங்கும் வெப்பமண்டலப் புற்கள் பல வேறொரு வகையைச் செய்கின்றன. இரண்டும் கனமான கார்பன்-13ஐ வெவ்வேறு அளவில் சேமிப்பதால், எந்தக் காலத்தில் எது மேலோங்கியது என்பதை மண்ணே காட்டிக்கொடுக்கிறது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்திருந்ததும், பின்னர் நெடிய வறண்ட காலம் ஒன்று வந்ததும் அப்படித் தெரிந்தவையே.

எங்கள் கண்மாயின் வண்டலில் இதையெல்லாம் படிக்க முடியாது. அது தலைமுறை தலைமுறையாக வெட்டி எடுக்கப்பட்டது. அதில் பிழையில்லை, கண்மாய் தண்ணீருக்காக உண்டானது, தூர் வாருவதே அதற்குச் செய்யும் மரியாதை. அதனால்தான் யாரும் வெட்டாத சதுப்புகளும் இயற்கை ஏரிகளும் நமக்கு அரியவை. நீலகிரியில் அத்தகைய சதுப்புகள் பல தேயிலைக்கும் காய்கறிக்கும் கட்டடங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டன. நீரை வடித்ததும் காற்றுப் பட்டு அந்த மண் மக்கத் தொடங்குகிறது. ஆண்டுகளின் வரிசை குலைகிறது. கல்வெட்டை உடைத்து ஜல்லியாக்குபவரைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. எழுத்தே தோன்றாத காலத்தின் ஆவணத்தை மண்வெட்டியால் கலைக்கும்போது யாரும் கேட்பதில்லை.

அரசு செய்யக்கூடியவை எளியவை. எஞ்சியுள்ள சதுப்புகளையும் பழைய ஏரிப் படுகைகளையும் தொல்லியல் களங்களுக்கு இணையாகக் காக்கலாம். தவிர்க்கவே முடியாமல் ஓரிடத்தைத் தோண்ட நேர்ந்தால், அதற்கு முன் வண்டல் மாதிரி எடுத்துக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கச் சட்டம் செய்யலாம். நீர்த் திட்டங்களை வகுப்போர், மழைமானிப் பதிவுகளோடு இந்த நெடுங்கணக்கையும் மேசைமேல் வைக்கலாம்.

2015இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019இல் குடிநீர் லாரிகளுக்குக் காத்துநின்றது. ஓரிரு ஆண்டு மழைக் குறைவுக்கே அந்த நிலை. தாத்தா அறிந்திருந்த மிக நீண்ட வறட்சி மூன்று ஆண்டுகள். பேரப்பிள்ளைகளுக்கான அணையையும் குழாயையும் இன்று திட்டமிடும் நாம், அதையே எல்லையாகக் கொள்ள முடியாது.