‘ஏற்கவில்லை’ என்று சொல்லும் உரிமை

மென்பொருளை எழுதியவர்கள் சோதித்தாயிற்று, சோதனைக் குழுவும் தனியாக ஒருமுறை பார்த்தாயிற்று. அதற்கப்புறம் அது யாருடைய அன்றாட வேலைக்காக எழுதப்பட்டதோ, அவர்களிடம் போகிறது. பயனர் ஏற்புச் சோதனை என்பது அதுதான், சென்னை ஐ.டி. அலுவலகங்களில் ‘யூஏடி’ என்றால் எல்லோருக்கும் தெரியும். திட்ட அட்டவணையில் இது கடைசி வரி. முந்தைய கட்டங்களில் நேர்ந்த தாமதம் எல்லாம் இதன் தலையில்தான் வந்து விழும். ஆறு வாரம் என்று எழுதியிருந்தது இரண்டு வாரமாகும். மென்பொருள் இயங்கத் தொடங்க வேண்டிய ‘கோ-லைவ்’ தேதி மட்டும் அசையாது. பயனர்கள் வந்து உட்காரும்போது அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது கருத்தா, கையெழுத்தா என்பதே சந்தேகமாகிவிடும். ‘ஏற்கவில்லை’ என்று பயனர் சொன்னால் திட்டம் நின்றே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் எத்தனை சுற்று நடத்தினாலும் அது வெறும் சடங்கு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்தது இதற்கு முழுமையான சான்று. அங்கே அரசு சுகாதாரத் துறையில் ஏறத்தாழ 78,000 பேர் வேலை பார்த்தார்கள். ‘லாட்டிஸ்’ என்ற பழைய சம்பள மென்பொருளுக்குப் பதிலாகப் புதியது ஒன்றை இடைக்கால ஏற்பாடாக அமைக்கும் பொறுப்பு 2007 இறுதியில் ஐ.பி.எம். நிறுவனத்திடம் போனது. அந்த இடைக்கால ஏற்பாட்டுக்குப் பேசிய தொகை ஏறக்குறைய 61.9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2008-இல் முடிந்திருக்க வேண்டியது தள்ளித் தள்ளிப் போய், 2010 மார்ச் 14 அன்று இயங்கத் தொடங்கியது. அடுத்து வந்த சம்பள நாட்களில் சிலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்கு அதிகமாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. இரண்டு வாரச் சம்பளம் ஒவ்வொன்றையும் சரிக்கட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படிவங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுகளில் மொத்தச் செலவு சுமார் 120 கோடி டாலரைத் தொடும் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

இத்தனைக்கும் பயனர் ஏற்புச் சோதனை நடக்காமல் இல்லை. பல சுற்று நடந்தது, வெளி நிறுவனத்தின் நிபுணர்களே பொறுப்பேற்று நடத்தினார்கள், பிழைகளும் குவிந்தன. மருத்துவமனைச் சம்பளம் அப்படிப்பட்டது. ஒரு செவிலியர் இரவுப் பணிக்கு வருகிறார், நள்ளிரவு தாண்டியதும் அரசு விடுமுறை நாள் பிறக்கிறது, அதே வாரம் இன்னொரு மருத்துவமனையிலும் ஒரு ஷிஃப்ட் பார்த்திருக்கிறார், பணிப்பட்டியல் மாறியதற்கான படிவம் சம்பளம் போட்ட பிறகு வந்து சேருகிறது. இவருக்கு எவ்வளவு தர வேண்டும்? சம்பளப் பிரிவில் உட்கார்ந்து இதே வேலையைப் பார்த்துவருபவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். நிரல் எழுதுபவருக்குத் தோன்றாது. சோதனை தன் கடமையைச் செய்தது. அதன் முடிவை வைத்துக்கொண்டு மேலே இருந்தவர்கள் செய்ததுதான் கோளாறு. கடுமையான பிழை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பது தேர்ச்சி விதியாக இருந்தது. தேதி நெருங்கியதும் ‘கடுமை’ என்பதன் விளக்கம் மாறியது. இரண்டாம் நிலைப் பிழைகள் கடுமை குறைந்த மூன்றாம் நிலைக்கு இறங்கின; மிஞ்சியவற்றைச் சமாளிக்க ஒரு திட்டம் இருந்தால் போதும் என்றானது. பிழை அப்படியே இருந்தது, அதன் மேல் ஒட்டிய சீட்டு மட்டும் மாறியது. சோதனை நடத்தியவர்களின் எச்சரிக்கை எழுத்தில் இருந்தும் பயனில்லை. பழைய முறையிலும் புதிய முறையிலும் எல்லோருக்கும் சம்பளம் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் முழு இணை ஓட்டமும் நடக்கவில்லை.

அதிகாரிகள் தரப்பு வாதத்தையும் பார்க்க வேண்டும். லாட்டிஸுக்கு விற்பனையாளரின் ஆதரவு முடிந்துவிட்டது. எந்த நாளும் அது படுத்துவிடலாம் என்று அஞ்சினார்கள். காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு என்பது நியாயமான வாதமே. ஆனால் அந்தப் பழைய மென்பொருள்தான் அதுவரை சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தோல்வியை ஆராய அமைந்த விசாரணை ஆணையத்தை நடத்திய முன்னாள் நீதிபதி ரிச்சர்ட் செஸ்டர்மன் 2013-இல் தந்த அறிக்கை, தேவையற்ற அவசரத்தையும் மாநில அதிகாரிகளின் கவனக்குறைவையும் முக்கியக் காரணங்களாகச் சொன்னது. வரக்கூடும் என்ற ஆபத்துக்குப் பயந்து, பட்டியல் போட்டுக் கையில் கொடுத்திருந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

மென்பொருள் நிறுவனங்கள் எழுப்பும் இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பயனரிடம் விட்டால் ஒருநாளும் கையெழுத்து வராது. ஒப்பந்தத்தில் இல்லாததை எல்லாம் கேட்டுவிட்டு அதற்குப் ‘பிழை’ என்று பெயர் வைப்பார்கள் என்கிறார்கள். டெலிவரி மேலாளர் எவரும் தலையாட்டும் பேச்சு இது. குயின்ஸ்லாந்திலும் எது பிழை, எது புதிய கோரிக்கை என்பதில் ஓயாத சண்டை நடந்தது. அதன் வேர் சோதனையில் இல்லை. என்ன வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே தீர எழுதி வைக்காததில் இருக்கிறது. அந்தக் குறை சோதனையின்போது கண்ணில் பட்டால், சோதிப்பவரைத் தொல்லைக்காரராகப் பார்ப்பது நியாயமில்லை. பயனருக்கு வரம்பற்ற அதிகாரம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேர்ச்சி விதியை இரு தரப்பும் சேர்ந்து முதலிலேயே எழுதட்டும். சோதனை தொடங்கியபின் இருவருமே அதைத் தொடக்கூடாது.

பின்னர் குயின்ஸ்லாந்து அரசு ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. 2010-இலேயே இரு தரப்பும் செய்துகொண்ட சமரச உடன்பாடு குறுக்கே நின்றது. 2015 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டபின் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்தக் காகிதம்தான் முதலில் பேசும். ஆகவே அடுத்த முறை ‘சைன்-ஆஃப்’ கேட்டு உங்களுக்கு மின்னஞ்சல் வந்தால், திறந்து கிடக்கும் பிழைகளின் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். கடந்த இரண்டு வாரத்தில் எந்தெந்தப் பிழையின் நிலை இறங்கியது, இறக்கியவர் யார் என்பதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.