கணிப்பொறி காணாத பிறை

பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் அமாவாசையையும் பௌர்ணமியையும் சிறுவரும் அறிவர். முகத்துவாரத்தில் நீர் ஏறுவதும் வற்றுவதும் அந்நாட்களில் மிகுமன்றோ! பாஸ்காத் திருநாளும் நிலவைக் கொண்டே குறிக்கப்பட்டது என்பது இம்மக்களுக்கு எளிதில் விளங்கும்.

இன்று எபிரேய நாட்காட்டி மென்பொருள் கைபேசியிலேயே கிடைக்கிறது. ஆண்டவர் மரித்த நாளை அதில் தேடுவோர்க்கு ஓர் ஐயம் எழும். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோர் கூற்றுப்படி இராவுணவு பாஸ்கா உணவே. எனவே பெரிய வெள்ளி நிசான் 15 ஆகும். அருளப்பர் கூற்றுப்படி அது நிசான் 14. மென்பொருளிலோ எந்த ஆண்டிலும் நிசான் 15 வெள்ளியன்று வருவதில்லை. அப்படியாயின் முதல் மூவரும் பிழைபட்டனரோ?

அவசரம் வேண்டாம். மென்பொருள் பின்பற்றும் விதி பிற்காலத்தது. நிலையான கணக்கை 4ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் ஏற்படுத்தினார் என்பது யூத மரபு. அது முழு வடிவம் பெறப் பின்னும் பல நூற்றாண்டுகள் சென்றன. அவ்விதிப்படி புத்தாண்டு ஞாயிறு, புதன், வெள்ளியில் வரலாகாது. அதனாலேயே நிசான் 15உம் திங்கள், புதன், வெள்ளியில் வருவதில்லை.

ஆண்டவர் காலத்திலோ பிறையைக் கண்ட சாட்சிகள் எருசலேமில் வந்து உரைத்த பின்னரே மாதப்பிறப்பு அறிவிக்கப்பட்டது. 29ஆம் நாள் கழிந்த மாலையில் மேகம் பிறையை மறைத்தால் மாதம் 30 நாளாகும். அந்த மேகத்தைக் கணிப்பொறி எங்ஙனம் அறியும்? ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, பாவப்பரிகார நாள் வெள்ளியன்று வருவதைப் பற்றிப் பேசுகிறது. இன்றைய விதிப்படி அது இயலாத காரியம்!

இதனால் முதல் மூவர் குறித்த நாளே சரியென நாம் நிறுவிவிடவில்லை. அறிஞருள் பலர் அருளப்பரின் நிசான் 14ஐயே ஏற்று, கி.பி. 30 ஏப்ரல் 7 அல்லது கி.பி. 33 ஏப்ரல் 3 என்பர். அவ்வழக்கில் மென்பொருள் சாட்சியாகாது என்பதே நம் கருத்து.

வேறொரு சிக்கலும் உண்டு. மேற்கண்ட தேதிகள் பழைய ஜூலியன் கணக்கில் உள்ளவை. 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் திருத்திய கணக்கைச் சில மென்பொருள்கள் பின்னோக்கி நீட்டுவதால், அவை ஏப்ரல் 5, ஏப்ரல் 1 எனக் காட்டும். கிழமை மட்டும் மாறாது. நம் கடற்கரையிலேயே இதற்குச் சான்றுண்டு. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டு டச்சுக்காரர் புதிய கணக்கையும், சென்னை ஆங்கிலேயர் பழைய கணக்கையும் கைக்கொண்டதால், ஒரே நாளுக்கு இரு ஊர்களிலும் பத்து நாள் வேறுபட்ட தேதிகள் எழுதப்பட்டன. ஆங்கிலேயர் 1752இல்தான் மாறினர்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகள் இத்தகைய ஐயத்தோடு வந்தால் அதட்டி அடக்காதீர்கள். "இத்தேதி எந்தக் கணக்கின்படி? அக்கணக்கு அக்காலத்தில் வழங்கியதா?" என்று கேட்கப் பழக்குங்கள்.