பாரிமுனையின் பாரி

பிழை திருத்துவது ஆசிரியன் தொழில். நான் திருத்தாமல் விட்ட ஒரு பிழையைப் பற்றி இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் சாத்தாங்காட்டுப் பிள்ளை ஒருவன் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தான். தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 'எங்கள் நகரம்' என்ற கட்டுரையில் அவன், முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலின் நினைவாகவே பாரிமுனை என்ற பெயர் வந்தது என்று எழுதியிருந்தான். நடை அழகாக இருந்தது. சிவப்பு மையால் 'நன்று' என்று எழ்திக் கொடுத்துவிட்டேன். அது சரியன்று என்று எனக்கு அப்போதே தெரியும். ஆயினும் அந்த அழகைக் கெடுக்க மனம் வரவில்லை.

வள்ளல் பாரி பறம்பு மலைக்குத் தலைவன். அம்மலை இன்று பிரான்மலை என்ற பெயரோடு சிவகங்கை மாவட்டத்தில் நிற்கிறது. நம் கடற்கரைக்கும் அவனுக்கும் தொடர்பு இல்லை. பாரிமுனைக்குப் பெயர் தந்தவர் தாமஸ் பாரி என்னும் வணிகர். பிரித்தானியத் தீவின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டில் 1768இல் பிறந்தவர். 1788இல் சென்னைக்கு வந்து வாணிகம் தொடங்கினார். 1824இல் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதி கண்டு இறந்தார். கல்லறை கடலூரில் இருக்கிறது. அவர் தொடங்கிய வணிக நிலையம் அவருக்குப் பின்னும் வளர்ந்தது. 1981இல் அது முருகப்பா குழுமத்தார் கைக்கு வந்தது. மூலையில் உயர்ந்து நிற்கும் டேர் மாளிகை, பாரியின் கூட்டாளியாக இருந்த ஜான் வில்லியம் டேர் என்பவரின் பெயரைத் தாங்கியது.

சரி, அந்தப் பாரி என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் செய்தி சுவைக்கிறது.

வேல்ஸ் மக்களுக்குப் பழங்காலத்தில் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. நம்மைப் போலவே தந்தை பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொன்னார்கள். நாம் முன்னே ஓர் எழுத்தாக வைப்பதை அவர்கள் பின்னே முழுப் பெயராக வைத்தார்கள். இடையில் 'ஆப்' என்ற சொல்லை இட்டார்கள். 'ஆப்' என்றால் மகன். ஹாரியின் மகன் தாமஸ், 'தாமஸ் ஆப் ஹாரி' ஆவான். அவன் மகன் ஜான் பிறந்தால் 'ஜான் ஆப் தாமஸ்' ஆவான். நிலவுரிமை குலமுறையைப் பற்றி நின்றமையால், பாட்டன் பூட்டன் வரையில் 'ஆப், ஆப்' என்று தொடுத்துச் சொல்லும் வழக்கமும் அங்கே இருந்தது.

எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1536இலும் 1543இலும் இயற்றிய சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. வழக்குமன்றத்தில் ஆங்கிலம் ஏறியது. தலைமுறைதோறும் மாறும் பெயர் எழுத்தர்களுக்குத் தொல்லையாக இருந்தது. செல்வர்கள் முதலில் ஒரு பெயரை நிலையாகக் கொண்டார்கள். எளிய மக்களிடையே பழைய வழக்கம் சில பகுதிகளில் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகள் வரையிலும் நீடித்தது. 'ஆப் ஹாரி' என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். முன்னுள்ள உயிர் தேய்ந்து பகரம் ஹாரியோடு ஒட்டிக்கொள்ளும். அதுவே பாரி. ஆப் ஹவல் பவல் ஆனதும், ஆப் ரீஸ் பிரைஸ் ஆனதும் இவ்வாறே. நம் புணர்ச்சி விதிகளைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஹாரி என்பது ஹென்றியின் பேச்சு வடிவம். அது செருமானிய மூலமுடைய பெயர். பிரெஞ்சு பேசிய நார்மானியர் வாயிலாகப் பிரித்தானியாவிற்குள் வந்தது. ஆகவே வேல்ஸ் குடும்பம் ஒன்றின் பெயரில் மூன்று மொழிகளின் சுவடு கிடக்கிறது. பாரி என்று பெயருள்ள எல்லாரும் உறவினர் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஊருக்கு ஒரு ஹாரி இருந்திருப்பான். ஒவ்வொருவனுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

ஒலி ஒத்திருப்பதைக் கண்டு மயங்குவது எளிது. 'ஆப்' என்பதற்கு அயர்லாந்து, ஸ்காத்லாந்து மொழிகளில் இனச்சொல் 'மாக்'. உடனே நம்மவர் ஒருவர் எழுந்து 'மகன்தான் மாக் ஆயிற்று' என்பார். பாரி வள்ளலைப் பாரிமுனைக்குக் கொண்டுவந்த அதே வழி இது. பெயர் எந்த ஆண்டில், எந்த ஏட்டில், எந்த எழுத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே பேச வேண்டும். கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயத்தின் பதிவேடுகள் 1680இல் தொடங்குகின்றன. அவ்வாண்டு அங்கே மணம் முடித்த எலிகு யேல், பின்னாளில் சென்னை ஆளுநர் ஆனவர். அவர் குடும்பமும் வேல்ஸ் குடும்பமே. ஆனால் யேல் என்பது தந்தை பெயரன்று. யால் என்னும் சிறு நாட்டுப் பகுதியின் பெயர். ஒரே நாட்டார், ஒரே கோட்டை. பெயர் வந்த வழிகளோ வேறு.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு அந்தப் பழைய மாணவனே காரணம். அவன் இப்போது கப்பல் பொறியாளனாக வெளிநாட்டில் குடியிருக்கிறான். சென்ற ஆண்டு எனக்கு ஒரு கடிதம் எழுதினான். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அவன் தன் தந்தை பெயரை எழுதினானாம். அங்கே பிறந்த மகளுக்கும் அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. 'என் மகளைப் பள்ளியில் என் அப்பா பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள், ஐயா. இது முறையா?' என்று கேட்டிருந்தான்.

இங்கிலாந்தின் அரச குடும்பத்திற்கே அப்படித்தான் நேர்ந்தது என்று பதில் எழுதினேன். எட்டாம் ஹென்றியின் முன்னோர் ஓவைன் என்பவர். தந்தை மரெதித், பாட்டன் டூடர். ஓவைனோடு பாட்டன் பெயர் ஒட்டிக்கொள்ள, மரபே டூடர் மரபு ஆயிற்று. மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் 'மகன்' என்பதற்கு மலாய்ச் சொற்களின் சுருக்கம் நடுவே நிற்கிறது. தந்தை பெயர் தந்தை பெயராகவே இருக்கிறது. இவன் நாட்டு ஏட்டில் அந்த நடுச்சொல் இல்லை.

வேல்ஸ் நாட்டு ஹாரி யார், என்ன தொழில் செய்தான் என்பதைப் பாரி என்ற பெயர் சொல்லாது. அதனால் அம்மாணவனின் தந்தையாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்: எங்கள் தெருவில் எந்த வீட்டில் இருந்தார், விடியுமுன் எப்படித் துறைமுகத்திற்கு நடந்து போவார், மகனைப் பள்ளியில் சேர்க்க வந்த நாளில் எந்த விரலால் கைந்நாட்டு வைத்தார் என்று. பழைய கட்டுரையின் பிழையையும் கடைசி வரியில் திருத்தி அனுப்பினேன்.