திருப்பிக் கொடுத்த ஆயுதங்கள்

பழைய வாளொன்றின் பெறுமதி அதன் பிடியிலுள்ள பொன்னிலும் வெள்ளியிலும் மட்டும் தங்கியிருப்பதில்லை. அதனை ஏந்தியவர் யார், அது எவ்வாறு கைமாறியது என்பதையும் நாம் நோக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பொன், வெள்ளிக் கஸ்தானே வாள்கள் 2023 டிசம்பரில்தான் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன.

இன்று தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ள ஊவாவிலோ, ஆயுதங்களை உடனே திருப்பிக் கொடுத்த ஒருவர் இருந்தார். வெல்லஸ்ஸவில் ஹாஜி முகாந்திரத்தைப் பிரித்தானியர் பதவியில் அமர்த்தியமை 1817ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாகும். கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்துக் கொன்றனர். பதுளையின் பிரித்தானிய முகவர் வில்சனும் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பிட்டிபொல திசாவை கிளர்ச்சியாளருடன் இணைந்தார். எனினும், பிரித்தானியர் தந்த ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பினார் என வரலாறு கூறுகிறது.

1818 நவம்பரில் போகம்பறையில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவரது மண்டையோடு பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது; அது தாயகம் திரும்ப ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1954இல் கண்டியில் அது நினைவுச்சின்னத்தில் வைக்கப்பட்டது.

அந்நிய ஆட்சியின் நியமனத்துக்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்த முகாந்திரத்தையும், பகைவரது உடைமையையும் மதித்த திசாவையையும் ஒருங்கே நினைவுகூர்வதே நேர்மையான வரலாற்று நோக்காகும்.