நீங்க படிக்கிற பிளாக் எந்த வகை? 4 கேள்வியில் கண்டுபிடிக்கலாம்!

புது மிக்ஸி வாங்கணும், சுகருக்கு என்ன சாப்பிடலாம், எந்த ஃபண்டில் பணம் போடலாம்... எதைத் தேடினாலும் நாலைந்து பிளாக் வந்து நிற்கும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனால் எல்லாம் ஒரே வகை இல்லை. வகை தெரியாமல் நம்பினால் நஷ்டம் நமக்குத்தான்.

பிளாக் என்றால் என்ன?

தேதி போட்டு, புதிய பதிவு மேலே வரும்படி எழுதப்படும் இணையதளம்தான் பிளாக். தமிழில் வலைப்பூ, வலைப்பதிவு என்கிறோம். 'வெப்லாக்' என்ற பெயர் 1997-ல் வந்தது. அது 1999-ல் 'பிளாக்' என்று சுருங்கியது. அதே ஆண்டில் வந்த பிளாக்கர் தளத்தை 2003-ல் கூகுள் வாங்கியது.

1. யார் எழுதுறாங்க?

தனி ஒருவரா, பலர் சேர்ந்த குழுவா, பொருளை விற்கும் கம்பெனியா? கம்பெனி பிளாக்கில் அதன் பொருளைப் பற்றிக் குறை வருவது அபூர்வம்.

2. எதைப் பற்றி?

சமையல், பயணம், டெக், சினிமா என ஒரே துறையா, மனதில் பட்டதெல்லாமா? மருத்துவம், முதலீடு என்றால் எழுதுபவரின் தகுதியையும் பார்க்கணும்.

3. எந்த வடிவம்?

கட்டுரையாக இருக்கலாம், படமாக இருக்கலாம். வீடியோ என்றால் 'விளாக்'. நாலு வரியில் முடிந்தால் மைக்ரோபிளாக். 2006-ல் தொடங்கிய ட்விட்டர், இன்றைய எக்ஸ், இந்த ரகம்.

4. காசு எங்கிருந்து வருது?

இதுதான் முக்கியமான கேள்வி. சிலர் ஆசைக்கு எழுதுறாங்க, வருமானமே கிடையாது. சிலருக்குப் பக்கத்தில் வரும் விளம்பரத்தில் வருமானம். சிலர் தரும் லிங்க்கை அழுத்தி நீங்கள் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன் போகும். இது 'அஃபிலியேட்'. கம்பெனியே காசு கொடுத்து எழுத வைத்தால் 'ஸ்பான்சர்ட்'.

ஒரே பிளாக் பல வகையில் வரலாம். தனிநபரின் சமையல் பிளாக்கிலேயே ஒரு பதிவு சொந்த அனுபவமாகவும், அடுத்தது ஸ்பான்சர்ட் பதிவாகவும் இருக்கலாம். அதனால் பிளாக்கை மட்டும் இல்லை, ஒவ்வொரு பதிவையும் தனியாகப் பார்க்கணும்.

சட்டம் என்ன சொல்லுது?

காசு வாங்கினாலே பொய் என்று அர்த்தம் இல்லை. ஆனால் அதை மறைக்கக் கூடாது. காசோ இலவசப் பொருளோ வாங்கிப் பரிந்துரைத்தால் வெளிப்படையாகச் சொல்லணும் என 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

நீங்க என்ன செய்யணும்?

எழுதியவரைப் பற்றிய பக்கத்தைப் பாருங்க. பதிவின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஸ்பான்சர்ட், அஃபிலியேட், விளம்பரம் என்று இருக்கிறதா எனத் தேடுங்க. பொருளின் ஒரு குறைகூட சொல்லாமல் 'வாங்க' பட்டன் மட்டும் பளிச்சென இருந்தால், காசு கொடுப்பதற்கு முன் இன்னும் 2 இடத்தில் விசாரிச்சுடுங்க.