கிரைசிஸ் ஓடுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரைப் பார்த்து உலகெங்கும் விளையாட்டுப் பிரியர்கள் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, “அதில் கிரைசிஸ் ஓடுமா?” என்பதுதான். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இயங்கும் கிரைடெக் நிறுவனம் 2007 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு அது. காட்டுக்குள் நடந்தால் உடல் பட்டு இலைகள் விலகும். சுட்டால், குண்டு பட்ட இடத்திலேயே மரம் முறிந்து சாயும். பாறை இடுக்கிலும் சுவர் மூலையிலும் படியும் மெல்லிய நிழலைக்கூட ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்திலும், அது புதிதாகக் கணக்கிட்டு வரையும். இன்று பல விளையாட்டுகளில் இருக்கும் அந்த நிழல் உத்தி முதலில் வந்தது இதில்தான்.

எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து, 1920க்கு 1200 பிக்சல் திரையில் ஓட்டினால், அன்றைக்கு மிக வலுவான கிராபிக்ஸ் கார்டான ஜீஃபோர்ஸ் 8800 அல்ட்ராகூட நொடிக்கு 30 ஃபிரேம் தர முடியாமல் திணறியது. அப்படியானால் புதிய கார்டுகளை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் வேறென்ன? வருடக்கணக்கில் சோதனையாளர்கள் கிரைசிஸை ஓட்டியே தீர்ப்புச் சொன்னார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதற்குப் பின் நடந்த கதை. கார்டுகள் பல மடங்கு வேகமாகிவிட்டன. ஆனாலும் பெரிய சண்டைக் காட்சிகளில் கிரைசிஸ் தடுமாறியது. பழி கார்டின் மேல் இல்லை, பிராசசரின் மேல்! கிரைசிஸ் உருவான வருடங்களில், பிராசசரின் கிகாஹெர்ட்ஸ் ஏறிக்கொண்டே போகும் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் இன்டெலின் பென்டியம் 4 பிராசசர் சூடு தாங்காமல் 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றுபோனது. இன்டெலும் ஏஎம்டியும் வேகத்தைக் கூட்டுவதை விட்டு, பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டத் தொடங்கின. கிரைசிஸோ பெரும்பாலான வேலையை ஒரே கோரின் தலையில் கட்டுவது. எட்டு கோர் வாங்கினாலும் மற்றவை ஏறக்குறைய சும்மா இருக்கும். கார்டை அளக்கப் பயன்பட்ட விளையாட்டு, ஒற்றைக் கோரின் வலுவை அளப்பதாக மாறிவிட்டது.

அதனால்தான் விவரம் அறிந்த சோதனையாளர்கள் பிராசசரை அளக்கும்போது, திரையின் பிக்சல்களைக் குறைத்துக் கார்டுக்கு வேலையே இல்லாமல் செய்கிறார்கள். கார்டை அளக்கும்போது 4கே திரைக்குப் போகிறார்கள். எந்தப் பாகம் முட்டி நிற்கிறது என்று தெரியாமல் எழுதப்படும் ஃபிரேம் கணக்கை நம்பிப் பணம் போடக்கூடாது.

சராசரியும் ஏமாற்றும். ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் தலா 10 மில்லிசெகண்டில் வந்து, அறுபதாவது மட்டும் 410 மில்லிசெகண்ட் எடுத்தால், கணக்கு என்னவோ நொடிக்கு 60தான். விளையாடுபவருக்கோ படம் பட்டென்று உறைந்து நிற்கும், குறி தப்பிப்போகும். 2011 வாக்கில் சோதனையாளர்கள் ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தைத் தனித்தனியே அளந்து வரைபடம் போடத் தொடங்கியது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். இன்றைய விமர்சனங்களில் ‘1 சதவீத லோ’ என்று ஒரு எண் தருகிறார்கள். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி சமமாக இருக்கும் இரண்டு கார்டுகளில், இந்த எண் கூடுதலாக இருப்பதையே வாங்குங்கள்.